காலாவதியான விதிகளுக்கு ஓய்வு

அரசாங்க அலுவலகங்களில் விதித் தொகுப்புகள் தடித்த அட்டைப் புத்தகங்களாக இருந்த காலத்தில் திருத்தச் சீட்டு ஒட்டுதல் என்று ஒரு வேலை உண்டு. தலைமை அலுவலகத்திலிருந்து அச்சிட்ட சிறு தாள்கள் கட்டுக்கட்டாக வந்து சேரும். இன்ன அத்தியாயத்தில் இன்ன பத்திக்குப் பதிலாக இதனைக் கொள்க என்று அவற்றில் கண்டிருக்கும். குமாஸ்தா கத்தரியும் பசையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரதியிலும் பழைய பத்தியின்மேல் புதிய சீட்டை ஒட்டி, ஓரத்தில் தேதி குறித்து, சுருக்கொப்பம் இடுவார். விவரம் அறிந்த குமாஸ்தா சீட்டின் ஒரு விளிம்பில் மட்டுமே பசை தடவுவார். பழைய விதி என்ன கூறிற்று என்று பார்க்க வேண்டியவர் சீட்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

அலுப்பூட்டும் வேலைதான். ஆயினும் அதனால் செல்லாத விதி கண்ணிலிருந்து மறைந்தது. மறைந்ததே தவிர அழியவில்லை. மாற்றம் எந்த நாளில் நேர்ந்தது, யார் செய்தார் என்பதும் அதே பக்கத்தில் பதிவாயிற்று.

அப்புத்தகங்களின் இடத்தை இன்று கணிப்பொறி பிடித்துக்கொண்டு வருகிறது. விதிகளும் சுற்றறிக்கைகளும் சரிவரப் பின்பற்றப்படுகின்றனவா என்று கண்காணிப்பதற்கென்றே தனி மென்பொருள்கள் ஏற்பட்டுள்ளன. வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை, அரசாங்க இலாகா ஆகிய எல்லா இடங்களிலும் இவை புகுந்துள்ளன. விதியைச் சேமித்து வைப்பதோடு இவற்றின் வேலை முடிவதில்லை. ஊழியர் விதியைப் படித்தாரா என்று கேட்டு ஒப்புதல் பெறுகின்றன. சரிபார்ப்புப் பட்டியலைக் கைப்பேசிக்கு அனுப்புகின்றன. தவணை தவறினால் நினைவூட்டுகின்றன. நூற்றுக்கு இத்தனை பங்கு நிறைவேறியது என்று மேலதிகாரிக்குக் கணக்குக் காட்டுகின்றன. இவ்வளவு திறமையும் வாய்ந்த கருவி, அந்தக் குமாஸ்தாவின் பசைச் சட்டி செய்த காரியத்தைப் பல இடங்களில் செய்யத் தவறுகிறது என்பதே கவலைக்குரிய செய்தி.

புதிய விதியைக் கணிப்பொறியில் ஏற்றுவது எளிது. ஒருவர் தயாரிக்கிறார், மற்றொருவர் ஒப்புதல் அளிக்கிறார், அது வெளியாகிறது. பழைய விதியை இறக்குவதற்கு யாரும் பொறுப்பாளி அல்லர். அதனால் கள அலுவலர் ஒருவர் தம் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு சொல்லை இட்டுத் தேடும்போது, பத்தாண்டுகளில் வெளிவந்த நான்கு சுற்றறிக்கைகள் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில், ஒரே மதிப்புடன் வந்து நிற்கின்றன. அவற்றுள் எது செல்லுபடியாவது என்று சொல்வார் இல்லை. தமக்குப் பழகிய ஒன்றை அவர் எடுத்துக்கொள்கிறார். அவரைக் குறை கூறுவது நியாயமாகாது.

இது வெறும் அலுவலகத் தொல்லை என்று எண்ணுவோர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவுக்கு நேர்ந்ததை நினைவுகூர வேண்டும். 2008-ம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்டு, 2009 அக்டோபரில் அமலுக்கு வந்த அப்பிரிவு, கணிப்பொறி அல்லது கைப்பேசி வாயிலாகப் புண்படுத்தும் செய்தியை அனுப்பியவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வகை செய்தது. 2015 மார்ச் 24-ம் தேதி, ஷ்ரேயா சிங்கால் வழக்கில், இப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் முழுவதுமாக ரத்துச் செய்தது. அன்றோடு அது முடிந்திருக்க வேண்டும். ஆனால் காவல் நிலையங்களில் அப்பிரிவின் கீழ் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. 2019 பிப்ரவரியில், தீர்ப்பின் பிரதிகளை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்புமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. 2021-ம் ஆண்டில் இவ்விஷயம் மறுபடியும் நீதிமன்றத்துக்கு வந்தது. பதினொரு மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் நிலுவையில் இருப்பதாக மனுதாரர் எடுத்துரைத்தனர். நீதிபதிகள் திகைப்புத் தெரிவித்தனர். அப்போது அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் கூறிய விளக்கம் கருதத்தக்கது: சட்டப் புத்தகத்தில் அப்பிரிவு அப்படியே அச்சாகியிருக்கிறது, அது ரத்தானது என்ற செய்தி அடிக்குறிப்பில் மட்டுமே இருக்கிறது, காவல் அலுவலர் அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை.

இறுதியாக 2022 அக்டோபர் 12-ம் தேதி, இப்பிரிவின் கீழ் எவர்மீதும் வழக்குத் தொடரலாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அத்துடன், அரசாங்கமோ தனியாரோ வெளியிடும் எந்த நூலிலும் இப்பிரிவு எடுத்துக் காட்டப்படுமானால், அது செல்லாது என்பது வாசகர்களுக்குப் போதிய அளவு தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் கூறிற்று. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒரு பிரிவைக் கொன்ற பிறகு, அது ஏழு ஆண்டுகளுக்கு மேல் நடமாடியது. குற்றம் இல்லாத செயலுக்குக் குற்றவாளிகளாக நின்ற மனிதர்களுக்கு அந்த ஏழு ஆண்டுகளை யாரும் திருப்பித் தர இயலாது. இத்தனைக்கும் காரணம் ஒரு புத்தகத்தின் அச்சமைப்பு என்று கூறினால் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் பெரும்பகுதி அதுவே. அச்சுப் புத்தகத்தின் அடிக்குறிப்பும், மென்பொருள் திரையின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒளிந்திருக்கும் ‘பழையது’ என்ற சொல்லும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

இதைக் கேட்டவுடன் சில நிர்வாகிகள் நேர் எதிர்க் கோடிக்குச் செல்கின்றனர். பழைய விதிகளையெல்லாம் கணிப்பொறியிலிருந்து துடைத்தெறிந்து விடலாம் என்பது அவர்கள் யோசனை. இது முதல் தவற்றினும் பெரிய தவறு. 1897-ம் ஆண்டுப் பொது வாசகச் சட்டத்தின் 6-வது பிரிவு இந்நாட்டுச் சட்ட நிர்வாகத்தின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று. ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும், அது அமலில் இருந்தபோது நடந்தவையும், அதன் கீழ் எய்திய உரிமைகளும், ஏற்பட்ட கடமைகளும், வேறு கருத்துத் தோன்றாதவரை, பாதிக்கப்படா என்று அது கூறுகிறது. 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1-ம் தேதி பாரதீய நியாய சன்ஹிதா வந்தது. ஆயினும் அந்நாளுக்கு முன்பு நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். அச்சட்டத்தை ஏட்டிலிருந்து அழித்துவிட்டால் அவ்வழக்குகளை எதைக் கொண்டு விசாரிப்பது? மத்தியச் சட்டங்களைத் தொகுத்து வைத்துள்ள அரசாங்கக் கணினித் தளத்தில் நீக்கப்பட்ட சட்டங்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருப்பது இக்காரணம் பற்றியே. மேலும், பொது ஆவணங்களை விதிமுறைக்குப் புறம்பாக அழிப்பது 1993-ம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கணிப்பொறியில் அழிப்பது ஒரு விரலசைவு என்பதனால் அது குற்றமாகாமல் போய்விடாது.

பொறியியலில் இத்தேவை இன்னும் தெளிவாகப் புலப்படும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட அமைப்புக்கான இந்தியத் தர விதி 1893 முதன்முதலில் 1962-ல் வெளிவந்தது. தென்னிந்தியப் பீடபூமி அசையாத நிலம் என்ற நம்பிக்கை அக்காலத்தில் வலுவாக இருந்தது. 1967 டிசம்பர் 11-ம் தேதி கொய்னாவில் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் அதனைக் குலைத்தது. 1970-ல் அபாய மண்டலப் படம் மாற்றி வரையப்பட்டது. 1993 செப்டம்பர் 30-ம் தேதி லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரியும் சுற்றுப்புற ஊர்களும் இடிந்து விழுந்து ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். அப்பகுதி அன்றையப் படத்தில் அபாயம் மிகக் குறைந்த முதலாவது மண்டலத்தில் இருந்தது. 2002-ம் ஆண்டுத் திருத்தத்தில் முதலாவது மண்டலம் என்பதே எடுத்துவிடப்பட்டது. அதே திருத்தத்தில் சென்னை நகரம் இரண்டாவது மண்டலத்திலிருந்து மூன்றாவது மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

1995-ல் சென்னையில் எழுப்பிய பள்ளிக் கட்டடம் ஒன்றை இன்று ஆராய வரும் பொறியாளரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டுவதற்கு அவர் பழைய விதியைத் தொடவே கூடாது. ஆனால் அந்தப் பள்ளி எந்தக் கணக்கின்மேல் கட்டப்பட்டது, அதன் தூண்கள் எவ்வளவு விசையைத் தாங்குமென்று அன்று எதிர்பார்க்கப்பட்டது என்று அறிய அவருக்குப் பழைய விதிதான் வேண்டும். ஆகவே விதி மறையவும் வேண்டும், கிடைக்கவும் வேண்டும். விளிம்பில் மட்டும் பசை தடவிய குமாஸ்தாவுக்கு இது தெரிந்திருந்தது.

விதிக்கு ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு நிலைகள் மட்டும் போதா. மென்பொருளை வகுப்போர் அடிக்கடி மறப்பது தேதியை. அதிலும், கோப்பு ஏற்றப்பட்ட தேதியையும் விதி அமலாகும் தேதியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது சாதாரணம். பிளாஸ்டிக் கைப்பைகளின் கனம் பற்றிய விதியைக் கள ஊழியர் பலர் அறிவர். 2011-ம் ஆண்டு விதிப்படி குறைந்த அளவு 40 மைக்ரான். 2016-ல் அது 50 ஆயிற்று. 2021 ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்த ஒரே அறிவிப்பு, அவ்வாண்டு செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான் என்றும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்றும் இரண்டு படிகளை வைத்தது. ஆக, ஒரு கடையில் பிடிபட்ட 60 மைக்ரான் பை குற்றமா அன்றா என்பது அது பிடிபட்ட நாளைப் பொறுத்தது. சரிபார்ப்புப் பட்டியலில் 50 என்ற எண்ணை மாற்றாமல் விட்ட அலுவலகம் குற்றத்தைக் கோட்டைவிடும். அறிவிப்பு வந்த அன்றே 120 என்று மாற்றிய அலுவலகம் நிரபராதியான கடைக்காரருக்கு அபராதம் விதிக்கும்.

பூச்சிக்கொல்லிகள் தொடர்பாக 2018 ஆகஸ்டு 8-ம் தேதி பிறப்பிக்கப்பட்ட தடையாணையும் இத்தகையதே. பீனோமில், கார்பரில், மீதைல் பாரத்தியான் உள்ளிட்ட பன்னிரண்டு மருந்துகள் உடனே தடை செய்யப்பட்டன. ஃபோரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் முதலிய ஆறு மருந்துகளுக்குத் தவணை தரப்பட்டது: 2019 ஜனவரி 1 முதல் அவற்றை உற்பத்தி செய்யலாகாது, 2020 டிசம்பர் 31 முதல் உபயோகிக்கலாகாது. விவசாய விரிவாக்க அலுவலரின் பழைய சிபாரிசு ஏடுகளில் இவற்றின் பெயர்கள், நெல்லுக்கு இவ்வளவு, பருத்திக்கு இவ்வளவு என்று அளவுகளுடன் இடம்பெற்றிருந்தன. மத்திய ஆணை ஒரு கோப்பு. சிபாரிசு ஏடு வேறொரு கோப்பு. முன்னது பின்னதைத் தானாகத் திருத்திவிடாது. இரண்டையும் இணைக்கும் நூல் மென்பொருளில் இருந்தால் ஒழிய, தடை செய்த நஞ்சை அரசாங்க ஏடே சிபாரிசு செய்துகொண்டிருக்கும் விபரீதம் நேரும்.

இவ்விணைப்பு பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் விதி ஒன்று தனியாக வாழ்வதில்லை. அதிலிருந்து படிவம் பிறக்கிறது, படிவத்திலிருந்து பதிவேடு, பயிற்சிப் பாடம், தேர்வு வினா, சுவரொட்டி, தவணை நினைவூட்டல் எல்லாம் கிளை விடுகின்றன. தாய் விதியை நீக்கிவிட்டுக் கிளைகளை விட்டுவைத்தால் அவை நிழலில் தழைத்துக்கொண்டிருக்கும். நீக்கிய படிவத்தை இன்னும் அனுப்பவில்லை என்று ஊழியருக்கு வாரந்தோறும் எச்சரிக்கை வரும். அவரும் எச்சரிக்கைக்கு அஞ்சிப் படிவத்தை நிரப்பி அனுப்புவார். மேலதிகாரியின் திரையில் நூற்றுக்கு நூறு என்று பச்சை விளக்கு எரியும். செத்த விதியை முழுமையாகக் கடைப்பிடித்த புள்ளிவிவரம் அது! இத்தகைய பச்சை விளக்குகளை நம்பி நிர்வாகம் நடத்துவதைவிட, விளக்கே இல்லாமல் நடத்துவது மேல்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. குடிநீர் பற்றிய இந்தியத் தர விதி 10500-ன் 1991-ம் ஆண்டுப் பதிப்பில் ஈயத்தின் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று இருந்தது. 2012-ம் ஆண்டுப் பதிப்பில் அது 0.01 ஆயிற்று, ஐந்தில் ஒரு பங்கு. பழைய அட்டவணை வகுப்பறைச் சுவரிலோ செய்முறைக் குறிப்பேட்டிலோ தங்கிவிட்டால், 0.03 மில்லிகிராம் ஈயமுள்ள நீர் நல்ல நீர் என்று மாணவர் எழுதுவார். அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது என்பதைக் கருதும்போது இது மதிப்பெண்ணோடு நின்றுவிடும் தவறன்று.

பழையதை ஒழுங்காக விலக்குவது இந்நாட்டுக்குத் தெரியாத வித்தை அல்ல. 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வந்தபோதும், 1958 முதல் 1962 வரை சேர், மணங்கு, தோலா ஆகியவற்றின் இடத்தில் கிலோகிராம் வந்தபோதும், இரண்டு முறைகளும் சில காலம் அருகருகே நிற்க, முன்னது ஒரு குறித்த நாளில் விலகியது. புதிய காசுக்குப் பழக்கம் ஏற்பட்டபின், 1964 ஜூன் மாதத்தில், ‘நயா’ என்ற அடைமொழியும் கைவிடப்பட்டது. இனி அது புதியதன்று என்று ஒரு தேதியிட்டு அறிவித்த அந்நிர்வாகத்தின் நுணுக்கம் பாராட்டத்தக்கது.

அண்மைக் காலத்தில் இதனினும் சிறந்த உதாரணம் போலியோ சொட்டு மருந்து மாற்றம். போலியோ நுண்கிருமியில் மூன்று வகைகள் உண்டு. அவற்றுள் இரண்டாவது வகையின் இயற்கைக் கிருமி உலகில் கடைசியாகக் காணப்பட்டது 1999-ல், உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில். அது அடியோடு ஒழிந்தது என்று 2015 செப்டம்பரில் சான்றளிக்கப்பட்டது. ஆனால் சொட்டு மருந்தில் அவ்வகையின் வலுக்குறைந்த உயிர்க்கிருமி தொடர்ந்து சேர்க்கப்பட்டு வந்தது. அது சில இடங்களில் வலுப்பெற்று மீண்டும் நோய் விளைத்தது. காத்த மருந்தே அபாயமாகிவிட்டது. ஆகவே 2016 ஏப்ரல் 17 முதல் மே 1 வரையுள்ள இரண்டு வாரங்களுக்குள் 155 நாடுகளும் பிரதேசங்களும் மூவகை மருந்தை நிறுத்தி இருவகை மருந்துக்கு மாறின. இந்தியாவில் அந்நாள் ஏப்ரல் 25.

இங்கே கவனிக்க வேண்டியது, நாள் குறித்தது மட்டுமன்று. சுற்றறிக்கை அனுப்பியாயிற்று, இனி நம் பொறுப்பு இல்லை என்று தலைமை அலுவலகம் கைகழுவவில்லை. குளிர்பதனப் பெட்டிகளில் பழைய மருந்துக் குப்பி ஒன்றேனும் எஞ்சியுள்ளதா என்று நேரில் பார்த்துச் சான்றளிப்பதற்கென்றே ஆட்கள் அனுப்பப்பட்டனர். எஞ்சியவை திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. இவ்வளவு செய்த பிறகும், 2018-ல் ஒரு தயாரிப்பாளரின் இருவகை மருந்துக் குப்பிகள் சிலவற்றில் இரண்டாவது வகைக் கிருமி கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, அம்மருந்து நிறுத்தப்பட்டது. கண்காணிப்பு தொடர்ந்தமையால் அல்லவா அது வெளிப்பட்டது?

விதி விலக்கத்திலும் இம்முறையே வேண்டும். ஒரு விதியை விலக்கும்போது அது எந்நாள் முதல் விலகுகிறது, அதன் இடத்தில் வருவது எது, ஏன் விலக்கப்பட்டது, அதன் கிளைகள் எவை, அவற்றை யார் களைந்தார், யார் சென்று சரிபார்த்தார் என்ற விவரங்கள் நிரம்பாமல் மென்பொருள் ‘முடிந்தது’ என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. தேடுவோர் கண்ணில் முதலில் படுவது செல்லும் விதி மட்டுமாக இருக்க வேண்டும். பழையதை வேண்டுமென்றே நாடிச் செல்வோருக்கு அது கிடைக்கட்டும். ஆனால் அதன் ஒவ்வொரு பக்கத்திலும், நகலெடுத்தாலும் நீங்காதவாறு, இது இன்ன நாள் முதல் செல்லாது என்று குறுக்கே எழுதியிருக்க வேண்டும். அடிக்குறிப்பு போதாது என்பது 66-ஏ கற்பித்த பாடம்.

மொழிபெயர்ப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மத்திய இலாகாவின் ஆணை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் வெளியாகிறது. பின்னர் தமிழிலும் பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டுக் களத்துக்குச் செல்கிறது. மூல ஆணை திருத்தப்படும்போது, அத்திருத்தம் மொழிபெயர்ப்பாளரின் மேஜைக்கு வந்து சேர்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. மூலம் இறந்த பிறகு மொழிபெயர்ப்பு வாழ்ந்துகொண்டிருக்கும். இதில் ஒரு விநோதம் உண்டு. ஆங்கிலப் பிரதியைப் படிப்போர் திருத்தத்தையும் எப்படியாவது அறிந்துகொள்வர். தமிழ்ப் பிரதியை மட்டுமே நம்பியிருப்போர் சுகாதாரப் பணியாளரும், கிராம சேவகரும், தொடக்கப் பள்ளி ஆசிரியரும். பிழையான விதி மிக அதிக காலம் தங்குவது, அதனால் நேரும் தீங்கு மிக அண்மையில் இருக்கும் இடத்தில்தான். மத்தியச் சட்டங்களின் பிரதேச மொழிபெயர்ப்புகளை அதிகாரப்பூர்வமான வாசகமாக ஏற்க 1973-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அப்பெருமையை அளித்த பிறகு, மூலத்தோடு சேர்ந்து ஓய்வுபெறும் உரிமையையும் மொழிபெயர்ப்புக்கு அளிக்க வேண்டும். மூலம் விலக்கப்பட்ட கணத்திலேயே அதன் தமிழ் வடிவத்தின்மீது எச்சரிக்கை விழுமாறு அமைப்பது மென்பொருளுக்குக் கடினமான காரியம் அன்று. புதிய மொழிபெயர்ப்பு வரச் சில மாதங்கள் ஆகலாம். எச்சரிக்கைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

வேலை மிகுதி என்று மறுப்போர் உண்டு. ஆயிரக்கணக்கான சுற்றறிக்கைகளை யார் அமர்ந்து படிப்பது என்பது அவர்கள் கேள்வி. இக்கேள்விக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் விடை அளித்துவிட்டது. பல பத்தாண்டுகளாகக் குவிந்திருந்த 9,000-க்கும் மேற்பட்ட சுற்றறிக்கைகளை அது பரிசீலித்து, நடப்பில் உள்ளவற்றை 244 முதன்மை நெறிமுறைகளாகத் தொகுத்து, எஞ்சியவற்றை விலக்கியது. இன்ன வகை நிறுவனத்துக்கு இன்ன விதி என்று பிரித்தும் வைத்தது. வேலை பெரிதுதான்; ஆனால் ஒவ்வோர் ஆண்டும் செய்திருந்தால் அது இவ்வளவு பெரிதாக வளர்ந்திராது.

உண்மையான தடை வேறு. விதியை விலக்கியவர் பெயர் ஏட்டில் ஏறுகிறது. நாளைக்கு ஏதேனும் நேர்ந்தால் அவரைக் கேட்பார்கள். விலக்காமல் விட்டவரை யாரும் கேட்பதில்லை. ஆகவே எச்சரிக்கையுள்ள அலுவலர் எதையும் தொடாமல் இருந்துவிடுகிறார். இந்த மனப்பான்மையை அறிவுரையால் மாற்ற இயலாது, ஏற்பாட்டால் மாற்றலாம். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தில் அதற்கு ஒரு வழி உள்ளது. அதன் தர விதிகள் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையேனும் மறுபரிசீலனைக்கு வருகின்றன. மாற்றம் தேவையில்லை என்று கண்டாலும் சும்மா விடுவதில்லை. இன்ன ஆண்டில் மீண்டும் உறுதி செய்யப்பட்டது என்று விதியின் முகப்பிலேயே பொறிக்கின்றனர். விதியின் எண்ணோடு ஆண்டும் சேர்ந்தே வழங்குகிறது. அவ்வாறே எல்லாச் சுற்றறிக்கைகளுக்கும் பிறக்கும்போதே மறுபரிசீலனைத் தேதியைக் குறித்துவிட்டால், அத்தேதி வந்ததும் ஒருவர் கையெழுத்திட்டே ஆக வேண்டும், வைத்திருப்பதானாலும் விலக்குவதானாலும். சும்மா இருப்பதற்கும் கையெழுத்து வேண்டும் என்று ஆகிவிட்டால் சும்மா இருப்பதன் சுகம் போய்விடும். ஆனால் தேதி கடந்தவுடன் விதி தானாகவே இறந்துவிடுமாறு மென்பொருளை அமைப்பது ஆபத்து. மின் பாதுகாப்பு, மருந்துப் பாதுகாப்பு பற்றிய விதி ஒன்று, பார்ப்பார் இல்லாததால் ஒரு நள்ளிரவில் மறைந்துபோகலாகாது. தேதி மணியை அடிக்கட்டும். முடிவை மனிதர் செய்யட்டும்.

கணிப்பொறியின் எல்லைக்கு அப்பாலும் பிரதிகள் உள்ளன. கைப்பேசியில் இறக்கி வைத்த கோப்பு, வாட்ஸ்அப் குழுவில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பகிர்ந்த படம், சுகாதார நிலையக் கதவில் ஒட்டிய தாள் ஆகியவற்றை எந்த மென்பொருளும் எட்டாது. அவை எங்கே இருக்கின்றன என்று அறிந்தவர் களத்தில் இருப்பவர் மட்டுமே. இந்த விதி இங்கே இன்னும் பழைய வடிவில் தொங்குகிறது என்று அவர் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வழி வேண்டும். பல மென்பொருள்களில் இன்று அவருக்கு இருப்பது, ‘படித்தேன், ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற ஒரே பொத்தான்.